முதல் காயம் அடுப்படியில்

நாட்டுத் துப்பாக்கி பற்றிப் பேச்சு வந்தால் சுட்டவர் யார், செத்தது மிளாவா கேளையாடா, பிடித்தது வனத்துறையா காவல்துறையா என்று கேட்போம். வழக்கு என்ன ஆனது என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நான் இன்று பேச வந்தது இவை எல்லாவற்றுக்கும் முந்திய ஒரு கட்டத்தைப் பற்றி. துப்பாக்கிக் குழாயில் இறங்குகிற ஈயக்குண்டை யாரோ ஒருவர் ஒரு வீட்டில் உட்கார்ந்து செய்திருக்கிறார். பழைய இரும்புக் கரண்டியிலோ சட்டியிலோ ஈயத்தைப் போட்டு, அடுப்பில் உருக்கி, அச்சில் வார்த்து எடுத்திருக்கிறார். அந்தக் குண்டு காட்டில் குறி தப்பிப் போகலாம்; பாறையில் பட்டுத் தட்டையாகலாம்; வெடிக்காமலே வீட்டுப் பரணில் கிடக்கலாம். ஆனால் அதை உருக்கிய வீட்டில் அது குறி தப்புவதில்லை. வார்த்த கையையும், பக்கத்தில் சமைத்துக்கொண்டிருந்த பெண்ணையும், தரையில் தவழ்ந்த பிள்ளையையும் அது முன்னதாகவே தீண்டிவிடுகிறது. ஈயக்குண்டின் முதல் காயம் அடுப்படியில் விழுகிறது என்பதே என் வாதம். எந்த நோக்கத்துக்காக இருந்தாலும், பொழுதுபோக்குக்காகவே இருந்தாலும், வீட்டில் ஈயம் உருக்கக் கூடாது என்று நான் சொல்வது அதனால்தான்.

இதை ஏன் இந்த வருசநாட்டு மலையடியில் சொல்ல வேண்டும்? இந்த மலையிலிருந்துதான் மூல வைகை இறங்குகிறது. ஆண்டிபட்டிக்கு அருகே 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையில் சேர்ந்து, மதுரைவரை குடிநீராகப் போகிறது. இந்த மலைக்காடு 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகத்தோடு சேர்ந்தது. தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் அது. பரப்பு 1,016 சதுர கிலோமீட்டர். காட்டை ஒட்டிய ஊர்களில் நாட்டுத் துப்பாக்கியோடு ஆள் பிடிபட்ட செய்தி தேனி மாவட்டத்திலிருந்து அவ்வப்போது வருகிறது. பறிமுதல் பட்டியலில் துப்பாக்கியோடு கரிமருந்து, பால்ரஸ் என்னும் இரும்பு உருண்டை, ஈயக்குண்டு என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். பட்டியலில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரும் அந்த ஈயத்தைப் பற்றி யாரும் அதற்குமேல் கேட்பதில்லை. ஈயம் உருக்குவது வேட்டைக்காரர் மட்டும் செய்யும் வேலையும் அல்ல. வீச்சு வலையின் ஓரத்தில் கோக்கும் குண்டும், தூண்டிலில் கட்டும் குண்டும் ஈயத்தில்தான் வெகுகாலமாகச் செய்யப்படுகின்றன. பழைய பேட்டரியைப் பிரித்துத் தகட்டை உருக்கிக் கட்டியாக்கி விற்கும் வேலையும் நாடெங்கும் கொட்டகைகளிலும் வீட்டு முற்றங்களிலும் நடக்கிறது. குற்றவாளி ஒருவரைச் சுட்டிக்காட்டுவதற்காக நான் இங்கே நிற்கவில்லை. ஒரே உலோகம், ஒரே அடுப்பு, ஒரே ஆபத்து என்பதால் இவை அனைத்தையும் சேர்த்தே பேசுகிறேன்.

இத்தனை உலோகங்கள் இருக்கையில் ஈயத்தின் மேல் ஏன் இவ்வளவு நாட்டம்? இரும்பு உருக 1,538 பாகை செல்சியஸ் வேண்டும். செம்புக்கு 1,085 வேண்டும். ஈயத்துக்கு 327 போதும். விறகடுப்பே அதை உருக்கிவிடும். எடையோ அபாரம்: ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம் இருக்கும். ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள சின்ன உருண்டையே ஏறக்குறைய 6 கிராம். சிறிய உருவத்தில் பெரிய கனம், நகத்தால் கீறினால் கோடு விழும் மென்மை, எத்தனை முறை உருக்கினாலும் மறுபடி கட்டியாகும் குணம். பட்டறையும் உலையும் இல்லாத ஓர் எளிய மனிதன் தன் கையால் முழுமையாக ஆளக்கூடிய உலோகங்களில் இது ஒன்று. அதனால்தான் அமெரிக்காவில் தோட்டா வார்ப்பது பலருக்கு வார இறுதிப் பொழுதுபோக்காகவே இருக்கிறது. மின்சாரத்தில் சூடாகும் தனிப் பாத்திரம், அலுமினிய அச்சு, ஈயத்தோடு வெள்ளீயமும் ஆன்டிமனியும் எவ்வளவு கலக்கலாம் என்ற கணக்கு என்று அதற்கு ஒரு தனி உலகமே உண்டு. உருகிய உலோகம் அச்சில் இறங்கிப் பளபளவென்று வெளியே வருவதைப் பார்ப்பதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. கைத்தொழிலின் மகிழ்ச்சி மதிக்கத்தக்கது. ஆனால் ஈயத்தை எளிதாக்கும் அதே குணம்தான் அதை வீட்டுக்குள்ளும் கொண்டுவருகிறது. இரும்பை யாரும் அடுப்படியில் உருக்குவதில்லை. அதனால் அந்த ஆபத்தும் அடுப்படிக்கு வருவதில்லை.

உருக்கும்போது என்ன நடக்கிறது என்பதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதில் பலருக்கும் தவறான எண்ணம் உண்டு. ஈயம் 1,749 பாகையில்தான் கொதிக்கும், விறகடுப்பில் அது ஆவியாகாது, ஆகவே பயமில்லை என்று வேதியியல் படித்தவர்களே சொல்வதுண்டு. ஆனால் கொதிநிலைக்குக் கீழேயும் உலோகம் கொஞ்சம் ஆவியாகும். சூடு ஏற ஏற அது கூடும். விறகை அள்ளிப் போட்டு ஊதுகுழலால் ஊதும் அடுப்பில் சூடு எவ்வளவு என்று அளப்பவர் யார்? அப்படி எழும் ஆவி காற்றில் பட்டதும் ஈய ஆக்சைடு நுண்துகளாக மாறும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் மூச்சோடு நுரையீரலின் ஆழம்வரை போகும். அங்கே போனதில் பெரும்பகுதி ரத்தத்தில் கலந்துவிடும். ஆனால் வீட்டில் உருக்குபவருக்குப் புகையைவிடப் பெரிய ஆபத்து தூசிதான். உருகிய ஈயத்தின் மேல் ஓர் ஏடு படியும். அந்தக் கசடைக் கரண்டியால் வழித்து ஓரமாகத் தட்டுவார்கள். அது மாவுபோன்ற ஈய ஆக்சைடு. அது தரையில் படியும், சுவரில் ஒட்டும், உடுத்திய வேட்டியிலும் கைலியிலும் ஏறும், நகக்கண்ணில் தங்கும். அந்தக் கையோடு பீடி பற்றவைத்தால் வாய்க்குப் போகும். அந்தத் துணியோடு பிள்ளையைத் தூக்கினால் பிள்ளையின் கைக்குப் போகும். அடுப்படியைக் கூட்டினால் தூசி எழுந்து மறுபடியும் படியுமே தவிர வீட்டைவிட்டுப் போகாது. அது மக்குவதில்லை, எரிவதில்லை, மழையில் கரைந்து மறைவதும் இல்லை.

பேட்டரி ஈயமாக இருந்தால் கேடு இன்னும் கூடுதல். கார் பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம்தான். அதில் பெரும்பங்கு கட்டியாக இல்லாமல் ஆக்சைடாகவும் சல்பேட்டாகவும், அதாவது ஏற்கெனவே தூளாக, கந்தக அமிலத்தில் ஊறியபடி இருக்கிறது. தகடுகளில் ஆன்டிமனியும் ஆர்சனிக்கும் கால்சியமும் கலந்திருக்கும். அந்தக் கசடில் ஈரம் பட்டால் நச்சு வாயுக்கள் எழக்கூடும். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் நொடியில் நீராவியாகி உலோகத்தைச் சிதறடிக்கும். முகத்தில் தெறிக்கும், கண் போகும். இதெல்லாம் கண்ணெதிரே நடக்கிற விபத்து. கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதுதான் என் பேச்சின் மையம்.

ஈயம் உடம்புக்குள் போனபின் செய்யும் மோசடி இது: உடம்பு அதைக் கால்சியம் என்று எடுத்துக்கொள்கிறது. கால்சியம் போகும் வழியெல்லாம் அது போகும், எலும்பில் குடியேறும், நரம்புகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் இடத்தில் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் கலந்த ஈயம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். எலும்பில் தங்கியது பாதியாகக் குறையப் பல பத்தாண்டுகள் ஆகும். கருவுற்ற காலத்தில் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து சிசுவுக்குப் போகும்போது, அவர் சிறுமியாக இருந்தபோது சேர்ந்த ஈயமும் கூடவே கரைந்து போகும். இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு தகப்பன் உருக்கிய ஈயம் இன்னும் பிறக்காத பேரப்பிள்ளையைத் தொடுகிறது என்று நான் சொன்னால் அது மிகைப்படுத்தல் இல்லை. அது உடலியல்.

குழந்தைகள் விஷயத்தில் கணக்கு இன்னும் கொடியது. ஒரே அளவு ஈயத்தை விழுங்கினால் பெரியவர் உடம்பு ஏற்பதைப்போல் நான்கைந்து மடங்கைச் சிறு குழந்தையின் உடம்பு ஏற்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே எங்கிருந்து வந்தது என்று தேடி நிறுத்த வேண்டும் என்பதும், பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பதும் அந்த நிறுவனத்தின் நிலைப்பாடு. அந்த 5 மைக்ரோகிராம் எவ்வளவு சிறியது என்று பாருங்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒன்றேகால், ஒன்றரை லிட்டர் ரத்தம் இருக்கும். அதில் மொத்தம் 70 மைக்ரோகிராம் ஈயம் கலந்தாலே அந்த எல்லை வந்துவிடும். ஒரு கிராமைப் பதினாலாயிரம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. வீட்டில் வார்க்கும் ஒரேயொரு குண்டின் எடையே பல கிராம் என்பதை இதோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இந்த எல்லைக்கோடு வந்த வரலாறே ஒரு சாட்சியம். 1960-களில் அமெரிக்காவில் குழந்தை ரத்தத்தில் 60 மைக்ரோகிராம்வரை இருக்கலாம் என்று எண்ணியிருந்தார்கள். பிறகு அது 40 ஆனது, 30 ஆனது, 1985-இல் 25, 1991-இல் 10, 2012-இல் 5, 2021-இல் 3.5. ஆராய்ச்சி கூர்மையாகும்தோறும் கோடு இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு முறைகூட ஏறவில்லை. 1979-இல் ஹெர்பர்ட் நீடில்மன் என்ற மருத்துவர், பாஸ்டனை அடுத்த இரண்டு ஊர்களின் பள்ளிப் பிள்ளைகளிடம் விழுந்த பால்பற்களைச் சேகரித்து அவற்றில் உள்ள ஈயத்தை அளந்தார். நோயாளி என்று யாரும் சொல்லாத, ஓடியாடி விளையாடும் பிள்ளைகள்தான். பல்லில் ஈயம் கூடியிருந்த பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் தேர்வில் மதிப்பெண் குறைந்திருந்தது. வகுப்பில் கவனம் நிலைக்கவில்லை என்று அவர்களின் ஆசிரியர்கள் குறித்திருந்தார்கள். ஈயம் உலகத்தை ஏமாற்றிவந்த விதம் இதுதான். காய்ச்சல் இல்லை, கொப்புளம் இல்லை. பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை, சொன்னால் கேட்பதில்லை, மந்தமாக இருக்கிறான், ரத்தசோகை, அடிக்கடி வயிற்றுவலி. இவற்றைப் பார்த்து எந்தத் தாய் அடுப்படிச் சாம்பலைச் சந்தேகிப்பார்?

சின்ன அளவில், வீட்டோடு வீடாகச் செய்வதில் என்ன பெரிதாக நடந்துவிடப்போகிறது என்பவர்களுக்கு செனகல் நாட்டுத் தலைநகர் டக்காரை ஒட்டிய தியாரோய் சுர் மேர் என்ற பகுதியைக் காட்டுகிறேன். அங்கே பெரிய ஆலை வெடித்துவிடவில்லை. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்தார்கள். மண்ணில் சிந்திய ஈயத்தைச் சல்லடையில் சலித்து மூட்டையாக வீட்டுக்குக் கொண்டுவந்து விற்றார்கள். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச்வரை அங்கே 18 குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகுதான் காரணம் ஈயம் என்று தெரியவந்தது. 2010-இல் நைஜீரியாவின் சம்ஃபாரா மாநிலத்தில் தங்கத் தாதுவை வீடுகளில் அரைத்த கிராமங்களில், அந்தத் தாதுவில் கலந்திருந்த ஈயத் தூசியால் 400 குழந்தைகளுக்கு மேல் மாண்டார்கள். இரண்டு இடத்திலும் வேலை செய்த பெரியவர்களைவிட வீட்டில் இருந்த குழந்தைகளே முதலில் விழுந்தார்கள். நம் நாட்டுக்கு வருவோம். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் துப்பில் வெங்கடேஷ் ஈய நஞ்சைத் தடுப்பதற்காகவே வாழ்நாளைக் கொடுத்தவர். 1999-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், சென்னை உட்பட இந்திய நகரங்களில் சோதிக்கப்பட்ட குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு 10 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருந்தது. மறு ஆண்டு, 2000-இல், ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. அதன் பிறகும் 2020-இல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் 27 கோடிக்கு மேற்பட்ட குழந்தைகளின் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் ஈயம் இருப்பதாகக் கணித்தது. பெட்ரோல் போனபின்னும் ஈயம் போகவில்லை என்றால், அது வேறு வழிகளில் வருகிறது என்று பொருள். பேட்டரி உருக்குவது அவற்றில் முதன்மையானது என்று அந்த அறிக்கையே சொல்கிறது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். எங்கள் பாட்டன் காலத்திலிருந்து குண்டு வார்த்துவருகிறோம், எல்லாரும் எண்பது வயதுவரை வாழ்ந்தார்கள் என்பது முதல் மறுப்பு. தென்பாண்டிச் சீமையில் துப்பாக்கிக்கு நீண்ட வரலாறு உண்டு என்பது உண்மை. பாளையக்காரர் படைகளில் திரிவைத்துச் சுடும் துப்பாக்கி இருந்தது. பாளையக்காரர் போர் முடிந்து, 1801 டிசம்பர் 1-ஆம் நாள் ஆங்கிலேயர் ஆயுதம் வைத்திருப்பதற்கே தடை விதித்து அறிக்கை வெளியிட்டார்கள். வீரத்தோடு சேர்ந்த நினைவு அது. அதை யாரும் இழிவுபடுத்த வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காலத்தில் ஈயத்தால் இறந்த குழந்தையை ஈயத்தால் இறந்தது என்று எழுதிவைத்தவர் யார்? மாந்தம் என்றார்கள், சீர் என்றார்கள், சாமி குற்றம் என்றார்கள். எண்பது வயது கண்ட பாட்டன் நம் கண்ணில் படுகிறார். இரண்டு வயதில் போன அவருடைய பிள்ளைகள் கண்ணில் படுவதில்லை. அளக்காத ஒன்றை இல்லாத ஒன்றாக எடுத்துக்கொள்ள முடியாது. அதோடு, பாட்டன் வார்த்த ஈயமும் இன்று பேட்டரியிலிருந்து உரித்தெடுக்கும் ஈயமும் ஒன்றல்ல.

ஈயச் சொம்பில் ரசம் வைத்துச் சாப்பிட்ட சமூகம் நாம், ஈயம் கெடுதல் என்றால் எப்படி என்று இன்னொரு கேள்வி வரும். அது வெள்ளீயம். குண்டிலும் பேட்டரியிலும் இருப்பது காரீயம். வேறு உலோகம், வேறு குணம். நல்ல வெள்ளீயச் சொம்பில் பயமில்லை. காரீயம் கலந்த சொம்பில் புளிக்கரைசல் பட்டால் நஞ்சு இறங்கும். ஆகவே சொம்பு வாங்கும்போதும் கவனம் வேண்டும். சொம்பைச் சாட்சிக்கு அழைத்துக் குண்டை விடுவிக்க முடியாது.

கனமான மறுப்பு அமெரிக்கப் பொழுதுபோக்கைக் காட்டுவது. அவர்கள் கையுறை போடுகிறார்கள், கண்ணாடி அணிகிறார்கள், காற்றோட்டமான கொட்டகையில் செய்கிறார்கள், முடிந்ததும் கை கழுவுகிறார்கள், ஆண்டுக்கொரு முறை ரத்தம் சோதிக்கிறார்கள். கவனத்தோடு செய்தால் தவறென்ன? நியாயமான கேள்வி. ஒரு தனி மனிதர் இத்தனையும் தவறாமல் செய்தால் ஆபத்து வெகுவாகக் குறையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பட்டியலை மறுபடி படித்துப் பாருங்கள். தனிக் கொட்டகை, தனி உடுப்பு, தனிப் பாத்திரம், சூட்டுமானி, ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை. இது ஒரு சிறிய தொழிற்சாலையின் பட்டியல். தொழிற்சாலையாக மாற்றினால்தான் பாதுகாப்பு என்றால், வீட்டில் செய்யக் கூடாது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. அமெரிக்காவிலேயே, ஈயத் தொழில் செய்பவர்களின் உடுப்பிலும் காலணியிலும் தூசி வீட்டுக்கு வந்து பிள்ளைகளைப் பாதித்ததாகப் பலமுறை பதிவாகியிருக்கிறது. அங்கே 1978-இல் தொழிலாளர்களுக்கு வகுத்த ஈய வரம்பு இன்றைய அறிவுக்குப் போதாது என்று, துப்பாக்கிப் பயிற்சிக் களங்களை ஆராய்ந்த அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சிக் குழுவே 2012-இல் சொல்லிவிட்டது. இங்கோ கொட்டகையும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை. இதற்குமேல் நம் நாட்டில் சட்டமும் ஒன்று இருக்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி தோட்டாவின் உதிரிப் பாகமும், தோட்டா செய்யும் கருவியும் தோட்டாவாகவே கொள்ளப்படும். உரிமம் இல்லாமல் செய்தால், 2019 திருத்தத்துக்குப் பின் 7 ஆண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள்வரை நீளலாம். அமெரிக்காவில் பொழுதுபோக்காக இருப்பது இங்கே ஒரு குடும்பத்தின் வாழ்வையே முடித்துவிடும். இளைஞர்கள் கைப்பேசியில் அயல்நாட்டுக் காட்சிகளைப் பார்த்துவிட்டு இதில் இறங்கிவிடக் கூடாது என்று கவலையோடு சொல்கிறேன்.

குண்டு வீட்டைவிட்டுப் போனபின்னும் வீட்டுக்கே திரும்பிவருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மென்மையான ஈயம் எலும்பில் பட்டதும் சிதறும். நுண்சில்லுகள் காயத்திலிருந்து வெகுதூரம் தள்ளிய சதையிலும் ஏறும். 2008-இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் ஏழைகளுக்குத் தானமாக வந்த மான் இறைச்சியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது அதில் ஈயச் சில்லுகள் தெரிந்தன. தானக் கூடங்களிலிருந்து அதை அகற்றச் சொன்னார்கள். வேட்டை இறைச்சி உண்டவர்களின் ரத்தத்தில் ஈயம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்ததும் அங்கேயே அளக்கப்பட்டது. கலிபோர்னியாவின் காண்டர் கழுகுகள் 1982-இல் 22 மட்டுமே எஞ்சின. வேட்டைக்காரர் விட்டுப்போன குடலையும் சதையையும் தின்று ஈய நஞ்சேறிச் செத்தது அதற்கு முக்கியமான காரணம். 2019 ஜூலை முதல் அந்த மாநிலத்தில் வேட்டைக்கு ஈயத் தோட்டாவே கூடாது. டென்மார்க் 1996-இலேயே ஈய ரவையைத் தடுத்தது; 2024-இல் வேட்டைத் துப்பாக்கியின் ஈயத் தோட்டாவையும் தடுத்துவிட்டது. வேட்டையைச் சட்டபூர்வமாக வைத்திருக்கும் இடங்களிலேயே ஈயத்தை விலக்கத் தொடங்கிவிட்டார்கள். வேட்டைக்குச் சட்டத்தில் இடமில்லாத நம் காட்டில், அது ஒளிந்து நடக்கும் இடத்தில், ஈயம் இன்னும் ராஜாவாக இருக்கிறது. ஒளித்துக் கொண்டுவந்த கறியை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்ல யாரும் இல்லை.

இப்போது உங்கள் மனதில் இருக்கும் மறுப்புக்கு வருகிறேன். மக்காச்சோளமும் மரவள்ளியும் நிலக்கடலையும் ஒரே இரவில் காட்டுப் பன்றியிடம் பறிபோகும்போது, ஈயத்தைப் பற்றிப் பேச வருகிறாயே, எங்கள் வெள்ளாமையைப் பற்றி யார் பேசுவது? இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வனத்துறை சார்பில் பேச நான் வரவில்லை. மலையிலும் மலையடியிலும் இருப்பவர்களின் வாழ்வுரிமைச் சிக்கல்கள் தீராமல் கிடப்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கோபத்துக்கு ஈயம் வழியாகாது. பயிர்க் காவலுக்கு உரிமத்தோடு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி வைத்துக்கொள்ள ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவிலேயே இடம் இருக்கிறது. சட்டம் விவசாயியை அடியோடு மறந்துவிடவில்லை. கேரளம் 2022-இல் பயிரழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் கொடுத்தது. தமிழ்நாடு 2025-இல் காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம் என்றும், ஒன்றிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம் என்றும், ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது என்றும் வகுத்தது. காட்டை ஒட்டியே நிலம் வைத்திருக்கும் கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு உழவர்களுக்கு இந்த ஏற்பாடு போதாது என்பது வெளிப்படை. அந்த ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவருக்கு வேலி, அகழி, காலந்தாழ்த்தாத இழப்பீடு ஆகியவற்றை உரிமையாகக் கேட்க வேண்டும். ஊராட்சிக் கூட்டத்தில் தீர்மானமாகப் போட வேண்டும். அதற்காக எந்த மேடையிலும் பேச நான் தயார். ஆனால் பன்றியிடமிருந்து சோளத்தைக் காக்கிறேன் என்று பிள்ளையின் மூளையை அடகுவைக்கும் தீர்வைத் தீர்வு என்று என்னால் ஏற்க முடியாது. பன்றி தின்ற வெள்ளாமை அடுத்த பட்டத்தில் திரும்ப வரும். ஈயம் தின்ற புத்தி திரும்ப வராது.

பெரிய பெரிய ஆலைகள் ஈயத்தைக் கக்குகின்றன, ஏழையின் ஒரு கரண்டி ஈயம்தான் உங்கள் கண்ணை உறுத்துகிறதா என்றும் கேட்பார்கள். ஆலைகளைக் கேட்கத்தான் வேண்டும். வீட்டுப் பெயின்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்று 2016-இல் விதி வந்தது இப்படிக் கேட்டதால்தான். ஆனால் ஆலையை மூட அரசு வேண்டும், வழக்கு வேண்டும், ஆண்டுகள் வேண்டும். உங்கள் அடுப்பில் உருகும் ஈயத்தை நிறுத்த யாருடைய உத்தரவும் வேண்டாம். நாளைக் காலையே நிறுத்தலாம்.

ஆகவே என் வேண்டுகோள் இது. வீட்டில் ஈயக்கட்டியோ பழைய பேட்டரியோ இருந்தால் அதை உருக்காதீர்கள், உடைக்காதீர்கள், மண்ணில் புதைக்காதீர்கள், வாய்க்காலில் போடாதீர்கள். பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைச் சட்டம் தயாரிப்பவர் மேல் வைத்திருக்கிறது; பேட்டரிக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். வலைக்கும் தூண்டிலுக்கும் இரும்புக் குண்டு கட்டுங்கள். முன்பு உருக்கிய இடம் வீட்டில் இருந்தால் அங்கே விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். துடைத்த துணியை மறுபடி பயன்படுத்தாதீர்கள். அந்த மண்ணில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். இரும்புச் சத்தும் கால்சியமும் குறைந்த உடம்பு ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். ஆகவே ஆண்டிபட்டிப் பக்கம் விளையும் முருங்கைக் கீரையும் கேழ்வரகும் பிள்ளைகள் தட்டில் அடிக்கடி இருக்கட்டும். அது மருந்தாகிவிடாது, ஆனால் துணை நிற்கும். ஈயம் உருக்கிய வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பில் மந்தமோ, தீராத வயிற்றுவலியோ, ரத்தசோகையோ இருந்தால், வீட்டில் ஈயம் உருக்கினோம் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வழக்குக்கு அஞ்சி அதை மறைத்தால் மருத்துவரால் நோயைக் கண்டுபிடிக்க முடியாது. அரசிடம் நான் கேட்பது ஒன்று உண்டு: க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வழியாக, இந்த மலையடி ஊர்களின் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்தை அளக்க வேண்டும். அளந்த எண்ணை வைத்துப் பெற்றோர் யார் மேலும் வழக்குப் போடக் கூடாது. இந்தக் கோரிக்கையை உங்கள் ஊராட்சித் தீர்மானமாக எழுதி, மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள்.